பார்லருக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு கோடு

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளுநரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே தருகிறோம்.)



சென்ற கூட்டத்தில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நம் நகரில் மூன்று வீடுகளில் பியூட்டி பார்லர் நடக்கிறது, அவற்றை மூடச் சொல்ல வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம். வாசலில் வண்டி நிறுத்துகிறார்கள், முன்பின் தெரியாதவர்கள் வந்து போகிறார்கள், எந்தப் படிப்பும் இல்லாமல் முகத்தில் எதையெதையோ பூசுகிறார்கள் என்று மூன்று குறைகள் அதில் இருந்தன. "மருந்தோடு முப்பது வருஷம் இருந்தவர் நீங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று செயலாளர் என்னிடம் சொன்னார். நான் வக்கீல் இல்லை. தெரிந்ததை, படித்துப் பார்த்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நேரான பதில். அழகுக்கலை தெரிந்தவர் இவர் என்று அரசு உரிமம் கொடுத்தால்தான் பார்லர் நடத்தலாம் என்ற சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் இந்தத் தொழிலுக்குத் தனி உரிமம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் ஆயிரம் மணி நேரமோ அதற்கு மேலோ பயிற்சி பெற்று, தேர்வு எழுதித் தேறினால்தான் அடுத்தவர் தலையில் கத்திரிக்கோல் வைக்க முடியும். நம் ஊரில் ஐ.டி.ஐ.யில் அழகுக்கலைக்கு ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. படித்தால் நல்லது. படிக்காதவர் கடை வைக்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

அப்படியானால் கேட்பாரே இல்லையா என்றால், அதுவும் இல்லை. சட்டம் இருக்கிறது, மூன்று துண்டாக மூன்று அலுவலகங்களில் இருக்கிறது. இடம், பொருள், கை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் செய்கிறார்கள், எந்தப் பொருளைப் பூசுகிறார்கள், யார் கையால் செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேறு வேறு.

இடத்தைப் பார்ப்பது நகராட்சி. வியாபாரத்துக்குத் தொழில் உரிமம் வாங்க வேண்டும். அதற்காக அவர்கள் பார்ப்பது கட்டடம், தண்ணீர், கழிவு, சுகாதாரம். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த உரிமத்தைப் பார்த்துவிட்டு "கவர்ன்மென்ட் லைசென்ஸ் இருக்கிறது" என்று பலர் நம்பிவிடுகிறோம். அந்தத் தாள் கடையைப் பற்றியது. உள்ளே இருப்பவருக்கு என்ன தெரியும் என்று அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்தது பொருள். இதில்தான் சட்டம் பலமாக இருக்கிறது, நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அழகுசாதனப் பொருட்களுக்கென்று தனியாக 2020 டிசம்பரில் விதிகள் வந்தன. அவற்றின்படி ஒரு கிரீம் டப்பாவில் தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இறக்குமதி செய்தவர் பெயரும் வேண்டும். இவை இல்லாத டப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும் அது திருட்டுச் சரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். வரும்போது பெட்டியில் எடுத்து வரும் கிரீமுக்கும் இதே பார்வை வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால், பாதரசத்தைச் சொல்வேன். பாதரசம் தோலில் கருமை நிறம் உண்டாவதைத் தடுக்கும். அதனால் முகம் சில வாரங்களில் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். ஆகவே நம் விதிகள் பாதரசச் சேர்மம் கலந்து அழகுசாதனம் தயாரிப்பதையே தடை செய்கின்றன. தெரியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருட்களுக்கு மட்டும் கெடாமல் இருப்பதற்காக ஒரு தனி அளவு உண்டு.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரகக் கோளாறோடு சிலர் வந்தார்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, புரதம் வெளியேறுதல். சர்க்கரை நோய் காரணம் இல்லை, வழக்கமான மற்றக் காரணங்களும் பொருந்தவில்லை. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைப் பாதிப்பு இருந்தது. விசாரித்ததில் அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். மருத்துவர்கள் இதை ஒரு சர்வதேசச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டு, உரிமமும் முகவரியும் இல்லாத பொருட்களைப் பறிமுதல் செய்தது.

கல்யாணத்துக்கு முன் மணப்பெண் பூசும் கிரீமுக்கும் கால் வீக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எந்த வீட்டில் நினைப்பார்கள்? கிரீம் பூசுகிறாயா என்று கேட்கத் தோன்றிய ஒரு மருத்துவரால்தான் அது வெளியே வந்தது.

இதே வரிசையில் ஹேர் டை. நம்மில் தலைக்கு மை பூசாத ஆண்கள் எத்தனை பேர்? சிரிக்க வேண்டாம், நானும் பூசியவன்தான். அந்த மையில் பெரும்பாலும் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. முகம் வீங்கி, கண் மூடி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது? முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் பூசக் கூடாது, பூசினால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்கிறது. சலூனில் என்ன நடக்கிறது? அட்டைப்பெட்டி குப்பைக்குப் போய்விடும். மை கிண்ணத்தில் வரும். எச்சரிக்கையைப் படிக்க வேண்டியவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருதாணியிலும் இது உண்டு. உண்மையான மருதாணி சிவக்கும், நாள் போகப் போகக் கொஞ்சம் கருஞ்சிவப்பாகும். பூசிய ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் மருதாணிக்கு மேல் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

முடியை நேராக்கும் கிரீமும் அப்படித்தான். 2024இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் ஓர் 26 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மூன்று முறை சலூனில் முடியை நேராக்கினார், மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்தது. கிரீமில் இருந்த கிளையாக்ஸிலிக் அமிலம் தலைத்தோல் வழியாக உள்ளே போயிருக்கிறது. தோல் என்பது மழைக்கோட்டு மாதிரி என்று நினைக்கிறோம். சில பொருட்களுக்கு அது திறந்த கதவு.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. அரசுப் பணிக்கு வருவதற்கு முன், டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் தனியார் மெடிக்கலில் வேலை பார்த்தேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி காலியான டியூபைக் கொண்டுவந்து, "அண்ணே, இதே ஒண்ணு குடுங்க" என்பாள். ஸ்டீராய்டு ஆயின்மென்ட். படை, அரிப்புக்கு டாக்டர் சில நாட்களுக்கு எழுதித் தருவது. அவள் முகத்துக்குப் பூசினாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், பூசினால் நிறம் வரும் என்று. வந்தது. பெண் பார்க்க வந்தார்கள், கல்யாணம் நிச்சயமானது. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் காலி டியூபோடு வந்தார்கள். சீட்டு எங்கே என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டதைக் கொடுப்பதுதான் கடை வழக்கமாக இருந்தது.

ஸ்டீராய்டு என்ன செய்யும் தெரியுமா? முதலில் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், முகம் வெளுத்த மாதிரி இருக்கும். மாதக் கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல் மெலியும். பரு வரும், சிலருக்கு முகத்தில் முடி வளரும், இரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். விட்டுவிடலாம் என்று நிறுத்தினால் முகம் தீப்பிடித்த மாதிரி எரியும், மறுபடி பூசினால்தான் அடங்கும். அந்தப் பெண்ணை ஒன்றரை வருடம் கழித்துப் பங்குனி உத்திரத்தன்று கோவில் வாசலில் பார்த்தேன். நல்ல வெயிலில் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். "நீங்கதானேண்ணே குடுத்தீங்க" என்று மட்டும் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்று இந்த மேடையில் நான் நிற்பதற்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம்.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. நம் நாட்டில் 12 தோல் மருத்துவ மையங்கள் சேர்ந்து ஒரு கணக்கெடுத்து 2011இல் வெளியிட்டன. முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை எச் அட்டவணையில் சேர்த்தது. அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. உங்கள் வீட்டில் இருக்கும் டியூபை எடுத்துப் பாருங்கள். ஆர்.எக்ஸ். என்ற குறி இருந்தால் அது மருந்து, அழகுசாதனம் கிடையாது. 'ஓன்' என்று முடியும் நீளமான பெயர் ஒன்று, அதனுடன் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் என்று இரண்டு பெயர் சேர்ந்திருந்தால் அதை நைட் கிரீம் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். லேபிளைக் கிழித்துவிட்டு வெறும் டப்பாவில் போட்டுக் கொடுத்தால் இன்னும் மோசம்.

மூன்றாவது, கை. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். நம் ஊரில் முடி திருத்தும் தொழில் செய்த சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். கட்டியைக் கீறியதும், மூலிகை கட்டியதும் அவர்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி அந்த வீட்டுப் பெண். இங்கிலாந்திலும் நாவிதரும் அறுவை வைத்தியரும் 1540இலிருந்து ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1745இல்தான் பிரிந்தார்கள். அழகும் வைத்தியமும் ஒரே கையில் இருந்த காலம் அது. இப்போது சட்டம் நடுவே கோடு போட்டுவிட்டது. ஆனால் கடைகள் அந்தக் கோட்டை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஃபேஷியலில் தொடங்கி, பீலிங், லேசர், ஊசி என்று.

கோடு எங்கே இருக்கிறது? ஒரு வரியில் சொல்கிறேன். ஊசியால் மருந்து செலுத்தினாலோ, கத்தி வைத்தாலோ, மரத்துப்போக மருந்து கொடுத்தாலோ, சீட்டு வேண்டிய மருந்தைப் பூசினாலோ அது வைத்தியம். அதைச் செய்பவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வைத்தியம் நடக்கும் இடத்துக்கும் தனிப் பதிவு வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அதைத் தருவது மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். நகராட்சியின் தொழில் உரிமம் அதற்கு ஈடாகாது.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இரண்டு சம்பவங்கள். 2016 மே மாதம், சென்னையில் மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போனார். மரக்க மருந்து கொடுத்துப் பல மணி நேரம் சிகிச்சை நடந்தது. உடல்நிலை மோசமாகி, இரண்டு நாளில் வேலூரில் இறந்துபோனார். விசாரித்தால், அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலையத்துக்கான உரிமம். மருத்துவம் படிக்கும் பையனுக்கே அது தெரியவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. முடி நடுவதும் அழகு அறுவையும் அதற்கான முறையான பயிற்சி பெற்ற மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும், பயிலரங்கில் பார்த்தேன், யூடியூபில் பார்த்தேன் என்பதெல்லாம் பயிற்சி ஆகாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில், திருச்சியில். 2024 டிசம்பரில் மேலச்சிந்தாமணியில் பச்சை குத்தும் கடை ஒன்றில் இளைஞர்களின் நாக்கை நுனியில் இரண்டாகப் பிளந்து, அந்தக் காணொளியை இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். பாம்பு நாக்கு மாதிரி இருக்க வேண்டுமாம். காவல்துறை இருவரைக் கைது செய்தது, மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. செய்துகொண்டவர்களும் இருபதை ஒட்டிய பிள்ளைகள், செய்தவர்களும் அதே வயதுப் பிள்ளைகள். யாருக்கும் இது குற்றம் என்றே தோன்றவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

நிறம் வர ஊசி போடுகிறோம் என்று இப்போது பல ஊர்களில் விளம்பரம் வருகிறது. குளூட்டாதயோன் என்ற மருந்து. தோலை வெளுப்பாக்க அந்த ஊசிக்கு நம் நாட்டில் ஒப்புதல் இல்லை. பார்லரில் யாராவது டிரிப் ஏற்றுகிறேன் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

காது குத்துவது எந்தப் பக்கம் என்று போன வாரம் நடைப்பயிற்சியில் ஒருவர் கேட்டார். காது குத்துவதையும் பச்சை குத்துவதையும் யாரும் வைத்தியம் என்று சொல்வதில்லை, காலம் காலமாக நடக்கிறது. ஆனால் ஊசி புதியதா என்று கேளுங்கள். சலூனில் பிளேடு புதியதா என்று கேளுங்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இரத்தம் இல்லை என்பதால் பிளேடு சுத்தம் என்று ஆகிவிடாது.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். நம் நகரில் பார்லர் நடத்தும் மூவரையும் நான் போய்ப் பார்த்தேன். மூன்று பேரும் செய்வது த்ரெட்டிங், ஃபேஷியல், வேக்சிங், முடி வெட்டுவது, கல்யாண அலங்காரம். ஊசி இல்லை, லேசர் இல்லை. ஒருவர் ஐ.டி.ஐ. சான்றிதழை எடுத்துக் காட்டினார். இருவரிடம் நகராட்சி உரிமம் இருக்கிறது. ஒருவர் வாங்கவில்லை, வாங்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் மட்டும் லேபிள் இல்லாத டப்பா ஒன்று இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்றேன். வெளியூர் மொத்தக் கடை, "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க" என்றார். நான் அந்தக் காலத்தில் சொன்ன அதே பதில்.

மூடச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. இருந்தாலும் நான் அதை ஆதரிக்க மாட்டேன். அந்த மூன்று வீட்டில் ஒரு வீட்டில் கல்லூரிக் கட்டணமே இதில்தான் போகிறது. இவர்களை மூடினால் நம் பெண்கள் புருவம் திருத்துவதை விட்டுவிடப் போவதில்லை. நாம் பார்க்காத இடத்துக்குப் போவார்கள். வண்டி நிறுத்துவதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

தெரியாதவர்கள் வருகிறார்கள், உள்ளே கேமரா வைக்கச் சொல்லுங்கள் என்றும் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. இதில் நீதிமன்றத்திலேயே இரண்டு கருத்து வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், ஸ்பாக்களில் கேமரா வைக்க உத்தரவிட்டார். 2022 ஜனவரியில், திருச்சியில் ஸ்பா நடத்திய ஒருவரின் வழக்கில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அப்படி உள்ளே கேமரா வைப்பது மனிதரின் அந்தரங்க உரிமைக்கு எதிரானது, வெறும் சந்தேகம் அதற்குப் போதாது என்ற கருத்தைச் சொன்னார். நீதிபதிகளே இப்படி இரண்டாக நிற்கும் விஷயத்தில், நம் வீட்டுப் பெண்கள் உட்காரும் அறையில் கேமரா வை என்று சொல்ல நாம் யார்? எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாதிக்கப்பட்டால் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மருத்துவர். விளமலில் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது பூசிய டப்பாவையும் எடுத்துப் போங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பொருளில் சந்தேகம் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கிய எவரும் குறிப்பிட்ட கட்டணம் கட்டி அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை கேட்டு வாங்கலாம்.

நஷ்டஈடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். 2018இல் டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டல் சலூனில் முடியைத் தவறாக வெட்டியதற்கு, தேசிய ஆணையம் 2021இல் இரண்டு கோடி ரூபாய் நஷ்டஈடு என்றது. பத்திரிகைகளில் பெரிய செய்தி. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இவ்வளவு தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு அதை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. ஆகவே ஐம்பது ரூபாய்க்கு த்ரெட்டிங் செய்தாலும் பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் ஜிபே செய்தியாவது இருக்கட்டும். முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். அந்த மூன்று சகோதரிகளையும் அடுத்த கூட்டத்துக்கு அழைப்போம். உரிமம் இல்லாதவருக்கு விண்ணப்பம் எழுத நான் உட்கார்ந்து உதவுகிறேன். பூசும் பொருளின் டப்பாவை வாடிக்கையாளர் கேட்காமலே முன்னால் வைப்பது, மை பூச விரும்புபவரை முந்தின நாள் வரச் சொல்லிச் சோதித்துப் பார்ப்பது, ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போடாமல் இருப்பது, ஊசியும் சீட்டு மருந்தும் கடைக்குள் வராமல் பார்ப்பது என்று நான்கு பழக்கங்களை அவர்களோடு பேசி முடிவு செய்வோம். சட்டம் கையைப் பார்க்காத இடத்தில், அக்கம்பக்கம் பார்க்கலாம். அது மிரட்டலாக இருக்கக் கூடாது, உறவாக இருக்க வேண்டும்.

அந்த லேபிள் இல்லாத டப்பாவை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கழித்து அவரே என் வீட்டுக்கு வந்தார். மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டதாகவும், அதைத் தொடர்ந்து பூசியவர்கள் ஆறு பேர் என்றும் சொல்லி, அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். உள்ளே என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது, ஸ்டீராய்டு இருந்திருந்தால் திடீரென்று நிறுத்தும்போது எரியும், ஆகவே ஆறு பேரும் தோல் டாக்டரைப் பார்க்கட்டும், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும் என்றேன். வாடிக்கை போய்விடுமே என்று தயங்கினார். பிறகு ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து சொன்னார். நான்கு பேர் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். இரண்டு பேர் இன்னும் போகவில்லை. அந்த இருவரும் நம் நகரில்தான் இருக்கிறார்கள், இதைப் படிக்கவும் கூடும். அம்மா, நாளைக்கே போய்விடுங்கள்.